சரியான பதிலுக்கு சைபர்

போன வெள்ளிக்கிழமை சேலத்தில் ஒரு டாக்டரின் முன்னால் உட்கார்ந்து, நான் ஐந்து நிமிஷம் விடாமல் பேசினேன்.

என்னை நேரில் தெரிந்தவர்களுக்கு இதுவே அதிர்ச்சிச் செய்தி. பஸ்ஸில் 'இங்கே நிறுத்துங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். பேனா பிடித்தால் எதையாவது எழுதிவிடுவேன். வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் நான் பேசியதல்ல அதிர்ச்சி. பேசி முடித்தபிறகு நடந்தது. ஒரு வாரமாகிறது. நான் வேலை செய்கிற நாற்றங்காலில் காப்பிக் கன்றுக்குப் பையில் மண் நிரப்பும்போது பாதியில் கை நின்றுவிடுகிறது. பக்கத்தில் வேலை செய்கிற பெண்கள், "என்னங்கண்ணா, மண்ணையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள்.

என்ன சொல்வது?

புரட்டாசி மாதம் இந்தப் பேப்பரில் இதே பத்தியில் நான் ஒரு டாக்டரைக் கிண்டல் செய்து எழுதியது ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் என்ன... பதினேழு பேர் கடிதம் போட்டீர்களே! 'சபாஷ்' என்று ஒருவர். 'படித்தவர்களுக்கு நல்ல சூடு' என்று இன்னொருவர். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எனக்கு ஒரே அக்கா. பெயர் நல்லம்மா. வயது அறுபத்து மூன்று. ஏற்காட்டு மலையில் கரடியூரில் மாமாவும் அவளும் மட்டும்தான் இருக்கிறார்கள். மகளைத் தர்மபுரிப் பக்கம் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, வீட்டுக்குப் போதுமான அளவு ராகி. அக்கா களி கிண்டினால் அடுத்த வீட்டுக்காரர் வந்து எட்டிப்பார்ப்பார்.

அந்த அக்கா ஒருநாள் களியில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். இன்னொரு நாள் உப்பே போடவில்லை. யாருக்கு நடக்காதது? பிறகு ஒருநாள், சொந்தக் காப்பிக் காட்டிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல், ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாமா பயந்துபோனார். சேலத்தில் வயதானவர்களின் மறதியைப் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார், வெள்ளிக்கிழமைகளில் பார்ப்பார் என்று யாரோ சொன்னார்கள். மூன்று பேரும் போனோம்.

பெண் டாக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். மேசைமேல் ஒரு தாள். தாளில் வரிசையாகக் கேள்விகள், பக்கத்தில் மார்க் போடக் கட்டம்.

கட்டத்தைப் பார்த்ததுமே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரீட்சைக்கும் எனக்கும் அன்றிலிருந்தே ஆகாது.

"அம்மா, இது என்ன மாசம்?"

"பொரட்டாசிங்க."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழனுக்கு மக்கா நாளுங்க."

மாமா மெல்லச் சிரித்தார். காரணம் இருக்கிறது. மாமாவின் பெயர் வெள்ளையன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். எங்கள் அக்கா அதிலும் ஒரு படி மேல். பெயரில் பாதி வருகிற சொல்லைக்கூட வாயில் எடுக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வியாழனுக்கு மறுநாள். வெள்ளைச் சட்டை, 'பால் கலர் சட்டை'. வெள்ளைப்பூண்டு வெறும் பூண்டு. ஓட்டர் லிஸ்ட் எழுத ஆள் வந்தபோது, புருஷன் பெயர் சொல்வதற்காக எதிர்வீட்டுக்காரியைக் கத்திக் கூப்பிட்டவள் அவள். நாற்பது வருஷத்துக்கு மேல் அவர் அவளுக்கு 'ஏனுங்க'. அவ்வளவுதான்.

டாக்டரம்மா மூன்று சொற்களைச் சொன்னார். குடை, ஆடு, மல்லி. 'இதை ஞாபகம் வச்சுக்கங்க, அப்புறம் கேப்பேன்' என்றார். பிறகு நான்கைந்து தீக்குச்சிகளை எடுத்து மேசைமேல் ஒரு வீடு மாதிரி அடுக்கிக் காட்டிவிட்டுக் கலைத்தார். "நீங்க இதே மாதிரி வைங்க பாக்கலாம்."

அக்கா குச்சிகளைப் பொறுக்கினாள். ஒன்றுகூட விடாமல் தீப்பெட்டிக்குள் போட்டு மூடி அவரிடமே நீட்டினாள்.

"பத்தரமா வெய்யிங்க டாக்டரம்மா. மழைக்கு நமுத்துப் போயிரும்."

டாக்டர் சிரித்தார். நாங்களும்தான் சிரித்தோம்.

"அப்ப நான் சொன்ன மூணு வார்த்தை?"

"ஆடு..." அக்கா கதவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆடு எங்கீங்க போச்சு?"

கடைசியாக டாக்டர் மாமாவைக் காட்டினார். "இவரு யாருங்க? பேரு சொல்லுங்க."

அக்கா தலையைக் குனிந்தாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். அறுபத்து மூன்று வயதில் ஒரு வெட்கச் சிரிப்பு. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. டாக்டர் தாளில் என்னவோ போட்டார். தாள் எனக்குத் தலைகீழாக இருந்தது. என்ன போட்டார் என்று தெரியவில்லை.

எனக்குத் தெரியவேண்டுமா என்ன? பதில் சொல்லவில்லை என்றால் சைபர்தானே! பள்ளிக்கூடத்தில் எனக்கு எத்தனை சைபர் விழுந்திருக்கிறது!

டாக்டர் சொன்னார்: "மறதி நோய் ஆரம்பிச்ச மாதிரி தெரியுதுங்க. இந்தத் தாளை மட்டும் வச்சுச் சொல்லல. நீங்க சொன்னது, காலையில எடுத்த ரத்த டெஸ்ட், எல்லாத்தையும் சேத்துத்தான் சொல்றேன். நாலு மாசம் கழிச்சு மறுபடி இதே கேள்விகளைக் கேட்டுப் பாக்கணும். அதுவரைக்கும் இவங்களத் தனியா விடாதீங்க."

'டாக்டர், எங்கள் பெண்கள் புருஷன் பெயர் சொல்லமாட்டார்கள். அதற்குப் போய் மார்க்கைக் குறைக்கலாமா?' என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்டேனா? எழுந்து, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். வாயால் முடியாததைப் பேனாவால் தீர்த்துக்கொள்கிற கெட்ட பழக்கம். 'பட்டணத்து டாக்டருக்கு மலைக்காரியின் மரியாதை தெரியுமா? வெட்கத்துக்குச் சைபர் போடுகிற படிப்பு என்ன படிப்பு?' என்றெல்லாம் வெளுத்து வாங்கினேன். ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிற எங்கள் பாய், அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார்.

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் பாராட்டியது அதுதான்.

மார்கழியில் பழம் எடுக்கிற வேலை தொடங்கியது. மாமா என்னைத் தேடிக்கொண்டு நாற்றங்காலுக்கே வந்தார்.

"மாப்ள, நாளையிலிருந்து காட்டுக்குப் போவோணும். பொழுதுக்கும் அங்கதான் வேலை. இவள ஊட்டுல தனியா உட்டுட்டுப் போலாங்கிறயா?"

"தாராளமாப் போங்க மாமா. அக்காவுக்கு ஒண்ணுமில்ல. அந்த டெஸ்டே தப்பு."

"இல்ல... டாக்டரம்மா சொன்னாங்களேன்னு..."

"அவங்களுக்கு நம்ம பழக்கம் தெரியாதுங்க மாமா."

"நீ சொன்னாச் செரி" என்று போய்விட்டார்.

அதே மாதம் பாய் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். பாய் சர்க்கரையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நேத்து உங்கக்காவும் மாமாவும் வந்தாங்க. அக்கா எங்கிட்ட 'வெள்ளப்பூண்டு குடுங்க பாய்'னு கேக்குறாங்க!"

"கேட்டாக் குடுக்கவேண்டியதுதானே?"

"அட, குடுத்தேன்யா. இத்தன வருசத்துல அவங்க வாயில வெள்ளைங்கிற சொல்லே வந்ததில்லையே... அதுவும் மாமா பக்கத்துல நிக்கிறாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

"காலம் மாறுதுங்க பாய்" என்றேன். பெரிய தத்துவம் சொன்ன மாதிரி சிரித்துவிட்டு வந்தேன். சுவரில் என் பத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தை பிறந்தது. போன வெள்ளிக்கிழமை மறுபடி சேலம் கிளம்பினோம். பஸ்ஸில் மாமா அக்காவுக்கு ஜன்னலோரம் கொடுத்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து, டாக்டரிடம் பேசவேண்டியதை மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன். அடிவாரம் வருவதற்குள் முழுவதும் பாடம். இந்த முறை விடக்கூடாது. பதினேழு பேர் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள் அல்லவா!

டாக்டரம்மா தாளை எடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. போன தடவை எங்கக்கா ஒரு கேள்விக்குப் பதில் சொல்லல. அது மறதி இல்லைங்க, மரியாதை. எங்கூர்ப் பொம்பளைங்க புருசன் பேரு சொல்லமாட்டாங்க. அதுக்கு நீங்க மார்க்கக் கொறச்சா..."

ஐந்து நிமிஷம். நடுவில் ஒருமுறை தண்ணீர் குடித்தேன். மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார். டாக்டர் குறுக்கே ஒரு சொல் பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் ஃபைலைத் திறந்து, புரட்டாசித் தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"கடைசி வரியப் பாருங்க."

பார்த்தேன். புருஷன் பெயர் கேட்ட வரிக்கு எதிரில்... பெரிதாக ஒரு டிக்.

"இந்தக் கேள்வி அச்சடிச்ச தாள்ல இருக்காதுங்க. நானே கையால எழுதிச் சேத்தது. எங்கம்மாவும் கடைசிவரைக்கும் எங்கப்பா பேரச் சொன்னதில்ல. பேரச் சொல்லாம தலை குனிஞ்சாங்கன்னா, இவரு தன் வீட்டுக்காரர்னு அவங்களுக்குத் தெரியுதுன்னு அர்த்தம். முழு மார்க் போட்டிருக்கேன்."

நான்கு மாதம்! ஒரு கேள்வி... 'என்ன டாக்டர் போட்டீங்க?' என்ற ஒரே ஒரு கேள்வி... அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, ஊருக்கெல்லாம் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

"பரவால்லைங்க. நான் அந்தப் பேப்பர் படிச்சேன்" என்றார் டாக்டர், சிரிக்காமல். "இப்ப அக்காவப் பாக்கலாமா?"

"அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளிக்கெழம."

பளிச்சென்று சொன்னாள். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. சரியான பதிலாயிற்றே! அடுத்த நொடி பாயின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வெள்ளைப்பூண்டு.

டாக்டர் மாமாவைக் காட்டினார்.

"இவரு யாருங்க? பேரு சொல்லுங்க."

குனி அக்கா. தலையைக் குனி. முந்தானையை எடு. மனசுக்குள் கெஞ்சினேன். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையனுக்கு விடை சொல்லத் தவிப்பது போல.

அக்கா மாமாவை நேராகப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"இவரா? வெள்ளையன்."



டாக்டரின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு கேட்டார்: "உங்களுக்கு அவரு என்ன வேணும்மா?"

"எனக்கென்ன வேணும்... ஒண்ணும் வேணாங்க. நொம்ப நல்ல மனுசன். வாரப்ப பஸ்ஸுல எனக்கு ஜன்னலோரம் எடம் குடுத்தாரு."

டாக்டர் அந்த வரிக்கு எதிரில் ஒரு சைபர் போட்டார். இந்த முறை தாள் எனக்கு நேராக இருந்தது.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"வீட்டுல இந்த நாலு மாசத்துல ஏதாவது நடந்துச்சுங்களா?" என்று டாக்டர் அவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க" என்றேன் நான்.

"நடந்துச்சுங்க" என்றார் மாமா.

மார்கழியில் ஒருநாள், மாமா காட்டுக்குப் போனபிறகு, அக்கா வீட்டிலிருந்து கிளம்பி வியூ பாயிண்டுக்குப் போயிருக்கிறாள். வெளியூர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்க்கிற அந்தப் பாறை. அதற்கப்பால் பள்ளம்தான். ஒரே பனிமூட்டம். ஆடு மேய்க்கிற ஒருவர் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்... எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, 'எங்கம்மா ஊட்டுக்கு' என்றாளாம். எங்கள் அம்மா செத்து இருபது வருஷமாகிறது.

"அதுக்கப்புறம் காட்டுக்கு நான் போற நாளெல்லாம் அவளையுங் கூட்டிக்கிட்டுத்தானுங்க போறேன். செடிக்கடியில சாக்கு விரிச்சு உக்கார வெச்சிருவேன்."

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

மாமா என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. பார்க்கவில்லை.

"நீ பேப்பர்ல எழுதிட்ட மாப்ள. ஊரே படிச்சுது. அவளுக்கு ஒண்ணுமில்லன்னு அச்சடிச்சு வந்திருச்சு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. மாமாவுக்கு அதுவும் இல்லை. அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்று நம்புகிற தலைமுறை. அந்த நம்பிக்கையில்தான் என் அக்கா பாறை விளிம்புவரை போயிருக்கிறாள்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. செய்யவேண்டியதைச் சொன்னார். தனியாக விடக்கூடாது. அடுப்புப் பக்கம் ஆள் இருக்கவேண்டும். பொருள்களை இடம் மாற்றி வைக்காதீர்கள். தப்பாகப் பேசினால் திருத்திச் சண்டை போடாதீர்கள். குணமாகுமா என்று கேட்டேன். இப்போது கேள்வி கேட்கக் கூச்சம் இல்லை, பாருங்கள். 'குணமாக்க மருந்து இல்லைங்க. பாத்துக்கலாம்' என்றார். பொய் சொல்லத் தெரியாத டாக்டர்.

ஞாபகம் என்றால் தெரிந்ததைச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லக்கூடாததைச் சொல்லாமல் இருப்பதும் ஞாபகம்தான். அக்கா நாற்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தது அதை. பாய் கடையில் அது முதலில் நழுவியது. பாய்க்குத் தெரிந்தது. கூடப் பிறந்த எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது அடிவாரம் தாண்டிப் பஸ் வளைவுகளில் ஏற ஆரம்பித்தது. நல்ல கூட்டம். மாமா வழக்கம்போல ஜன்னலோரம் கொடுத்திருந்தார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழெட்டு வளைவு ஏறியிருப்போம். அக்கா திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"வெள்ளையா, எங்கூரு வந்திருச்சா?"

பின் சீட்டில் காப்பி எஸ்டேட்டுக்குப் போகிற பெண்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி வாய்விட்டே சிரித்தாள்.

"அய்யய்யே... கட்டுன புருசனப் பேர் சொல்லிக் கூப்புடுது பாரு இந்தம்மா! இந்த வயசுல!"

நான் பஸ் ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். மாமாவுக்கு எப்படி இருந்திருக்கும்? ஊரில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. பஞ்சாயத்தில் உட்கார்கிறவர்.

மாமா மெதுவாகத் திரும்பினார்.

"எம் பேருதானுங்களே அம்மிணி. அவ கூப்புடாம வேற ஆரு கூப்புடோணும்?"

சிரித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமா அக்காவின் தோளில் சேலையை இழுத்துப் போர்த்திவிட்டார்.

"இன்னுங் கொஞ்ச தூரந்தான் கண்ணு" என்றார். "வெளிய பாத்துக்கிட்டே வா."

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "இத்தன வருசத்துல அவ வாயில எம் பேரக் கேட்டதே இல்ல மாப்ள. நல்லாத்தான் இருக்குது."

நான் கம்பியை விட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது பழம் எடுக்கிற நாள்களில் அக்கா எங்கள் வீட்டில்தான். காலையில் மாமா கொண்டுவந்து விடுகிறார். என் மனைவியோடு உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். பாய் கடைக்குப் போய், சுவரில் ஒட்டியிருந்த என் பத்தியை நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

நீங்களும் யாராவது அதை வெட்டி வைத்திருக்கிறீர்களா? பக்கத்து மளிகைக் கடையில் கொடுத்துவிடுங்கள். வெள்ளைப்பூண்டு மடிக்கவாவது உதவும்.